கொக்கும் கிளாவரும்: வல்லை வெளி வழியே ஒரு சைக்கிள் பயணம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய சைக்கிளின் குலம் கோத்திரம் அறிய வேண்டுமானால் குனிந்து அதன் பற்சில்லைப் பார்க்க வேண்டும். மூன்று கொக்குத் தலைகள் தெரிந்தால் அது றலி. விரித்த கை தெரிந்தால் றட்ஜ். வட்டமாக ஐந்து மனித உருவங்கள் நின்றால் ஹம்பர். பெயின்ற் உரிந்து, முன்பக்கத்துப் பட்டயம் கழன்று, கரியரும் மட்காட்டும் மூன்று தரம் மாறியிருக்கலாம். இரும்பிலேயே வெட்டிய உருவம் எங்கே போகும்? ஹம்பருக்கு மட்டும் இன்னோர் அடையாளமும் உண்டு. முன் சில்லைப் பிடித்திருக்கும் கவை இரண்டு பக்கமும் இரட்டைக் குழாயாக இருக்கும். தூரத்தில் வரும்போதே சொல்லிவிடலாம்.

இந்த மூன்று பெயர்களையும் வைத்து யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் ஒரு தலைமுறையே வழக்காடியிருக்கிறது. றலி ஓட லேசு, ஹம்பர் பாரத்துக்குத் திறம், றட்ஜ் வைத்திருப்பவர் கட்டாயம் தலைமை ஆசிரியராக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். வழக்கு முற்றிய காலத்தில் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். றலிக் கம்பனி 1932ல் ஹம்பரையும் 1943ல் றட்ஜையும் வாங்கிவிட்டது. சண்டை போட்டவர்கள் எல்லாரும் கடைசியில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரத்து ஒரே முதலாளிக்குத்தான் காசு அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தக் கம்பனியின் பிறப்புக் கதை ஒரு நோயில் தொடங்குகிறது. ஹொங்கொங்கில் பொருள் தேடிய பிராங் பௌடன் என்ற ஆங்கிலேயர் உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். சைக்கிள் ஓடச் சொன்னார் வைத்தியர். ஓடினார், தேறினார். தனக்குச் சைக்கிள் செய்துகொடுத்த, நொட்டிங்ஹாமின் றலி வீதியில் இருந்த சின்னப் பட்டறையை 1888ல் தன் கைக்குக் கொண்டுவந்தார். வீதியின் பெயர் சைக்கிளின் பெயராயிற்று, அவர் குடும்பச் சின்னத்துக் கொக்கு அதன் முகப்பில் ஏறியது. 1950களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் சைக்கிள்கள் அங்கிருந்து வெளியே வந்தன. அதில் பெரும்பங்கு கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போனது. பெரிய ஆறும் மலையும் இல்லாத, சுண்ணாம்புக் கல்லின்மேல் தட்டையாகக் கிடக்கும் எங்கள் குடாநாட்டுக்கு அது அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்திவிட்டது. கந்தோர் உத்தியோகத்தர், வாத்தியார், மலாயா பென்சனியர், புகையிலைத் தோட்டக்காரர் என்று எல்லாரையும் சுமந்தது.

எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. பெரியப்பா வாங்கிய மூன்று கியர் றலி. கியர் சைக்கிள் அந்தக் காலத்தில் வசதிக்காரரின் சாமான். அதை எடுத்துக்கொண்டு பருத்தித்துறைவரை போய்வர எனக்கு நெடுநாள் ஆசை. கூட்டு அமைந்தது ஓர் ஆடி மாதத்தில்தான்.

கூட்டாக வந்தவர் இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் குடியேறிவிட்ட பழைய பள்ளித் தோழர். பலெர்மோவில் எங்கள் சனம் கணிசமாக இருக்கிறது. நகரத்தை ஒட்டிய மலையில் சாந்தா றொசாலியாவின் குகைக் கோயில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலையேறும் தமிழரில் கிறிஸ்தவரைப்போலவே சைவரும் உண்டு. என் தோழரும் அப்படி ஏறத் தொடங்கி, பிறகு சைக்கிளில் ஏறத் தொடங்கி, அந்தப் பைத்தியம் முற்றி, பழைய கொல்நாகோ ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியவர். அதைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுவந்திருந்தார். செம்மஞ்சள் நிறம், ஆட்டுக்கடா கொம்புபோல வளைந்த ஹாண்டில், பெருவிரல் அகலத்துக்கு ரயர். தூக்கிப் பார்த்தேன். என் றலியின் பாதிப் பாரம்கூட இராது.

கொல்நாகோவைச் செய்தவரின் கதை நொட்டிங்ஹாம் கதைக்கு நேர்மாறானது. எர்னெஸ்தோ கொல்நாகோ 1932ல், மிலானுக்கு அருகே கம்பியாகோ என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் மிலானில் குளோரியா என்ற சைக்கிள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பந்தயமும் ஓடினார். விழுந்து கால் முறிந்து வீட்டில் கிடந்தபோது, தொழிற்சாலைக்காக வீட்டிலிருந்தே சில்லுப் பூட்டிக் கொடுத்தார். அப்படியே சொந்தப் பட்டறை முளைத்தது. மகனுக்கு வேலை மேசை செய்ய அப்பா வளவில் நின்ற முசுக்கட்டை மரத்தைத் தறித்தாராம். பந்தயக்காரர் அந்த மேசையைத் தேடி வந்தார்கள். 1972ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆம் திகதி மெக்சிகோ நகரத்தில், பெல்ஜியத்து எடி மெர்க்ஸ் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை வைத்தது கொல்நாகோ செய்துகொடுத்த சைக்கிளில். அதன் எடை ஆறு கிலோவுக்குக் குறைவு. கிராமுக்குக் கிராம் குறைக்கப் பாகங்களில் துளை துளையாகப் போட்டிருந்தார்கள். அதன் சட்டம் முழுக்க உருக்குக் குழாய் என்பதை இன்றைய கார்பன் சைக்கிள்காரர் நம்புவதற்கே கொஞ்ச நேரம் எடுக்கும்.

விடிய வெளிக்கிட்டோம். நல்லூர் தாண்டி இருபாலை, கோப்பாய். றலியில் முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டும். கோயிலுக்கு வேட்டியோடு போகவும், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சுகம் விசாரிக்கவும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தோழர் வயிறு மடிந்து, வீதியை முகர்வதுபோல ஓடினார். கோப்பாய்ச் சந்தியில் தேத்தண்ணிக்கு நின்றபோது கடை வாங்கில் இருந்தவர்கள் என் சைக்கிளைத்தான் முதலில் சுற்றிவந்தார்கள். "அசல் றலியெல்லோ, விக்கிறியளோ?" என்றார் ஒருவர். இத்தாலிக்காரியை இரண்டாவதாகத்தான் கவனித்தார்கள். "மட்காட்டும் இல்லை, ஸ்ராண்டும் இல்லை, கரியரும் இல்லை. இதில என்னத்தைக் கொண்டு போறது?" தோழரிடம் பதில் இருக்கவில்லை.

கேள்வி நியாயமானது. கோப்பாயிலிருந்து கைதடிக்குப் பிரியும் வீதியைப் பார்த்துக்கொண்டு அந்தக் கடையில் இருந்தால், சைக்கிள் எதையெல்லாம் கொண்டுபோயிருக்கிறது என்ற நினைவு தானாக வரும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோலுக்குத் தடை. கார் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாதவர்கள், அதாவது ஏறக்குறைய எல்லாரும், சைக்கிளுக்கு வந்தார்கள். விறகு, நெல்லு, மீன், பிரசவத்துக்குப் போகும் பெண், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் கிழவர், சில வேளை சவப்பெட்டி. கரியருக்குக் குறுக்கே இரும்பு வைத்து ஒட்டி, லொறியின் வேலையைச் சைக்கிளிடம் வாங்கினார்கள். பற்றறி கிடைக்காததால், சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடல் மிதிக்க, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து றேடியோவுக்குக் கொடுப்பார்கள். பி.பி.சி. தமிழோசை ஒலிக்கும். மிதிப்பவர் களைத்தால் செய்தி தேயும். நாங்கள் உலக நடப்பைக் கால் வலித்து அறிந்தவர்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் தென்மராட்சிக்குப் போக இருந்தவை நாவற்குழிப் பாதையும் இந்தக் கோப்பாய்–கைதடிப் பாதையும்தான். அன்றைக்குச் சைக்கிளில் யாரும் ஓடவில்லை, ஓட இடமில்லை. பாரில் அரிசிப் பை, ஹாண்டிலில் கேத்தில், கரியரில் பிள்ளை. பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் சோதனைச் சாவடி தோறும் இறங்கி உருட்ட வேண்டியிருந்தது. எங்கள் வயதுக்காரருக்கு இன்றைக்கும் ஒரு சீருடையைக் கண்டால் கால் பெடலை விட்டு நிலத்துக்கு வந்துவிடும்.

இதைத் தோழரிடம் சொல்லத் தேவையில்லை, அவரும் அந்த இரவில் உருட்டியவர்தான். அவர் தன் பங்குக்கு இத்தாலியின் போர்க்காலத்துக் கதையைச் சொன்னார். ஜீனோ பார்த்தாலி 1938லேயே பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றவர். நாட்டில் அவரைத் தெரியாத ஆளில்லை. 1943, 44ஆம் ஆண்டுகளில் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடுவார். யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாளப் பத்திரங்கள் அவர் சைக்கிளின் குழாய்களுக்குள் சுருண்டு கிடக்கும். மறிக்கும் படையினர் பார்த்தாலியைக் கண்ட சந்தோசத்தில் கதைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். சைக்கிளைத் தொடவேண்டாம், பந்தயத்துக்காகப் பார்த்துப் பார்த்துப் பூட்டியது என்பாராம். போர் முடிந்து 1948ல், பத்து ஆண்டு கழித்து, அதே பந்தயத்தை மறுபடியும் வென்றார். குழாய்க் கதையை உயிரோடிருக்கும்வரை ஊருக்குச் சொல்லவில்லை. இறந்து பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, 2013ல், இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாட் வாஷெம் அவருக்கு உரிய மதிப்பைக் கொடுத்தது.

நீர்வேலி வாழைத் தோட்டங்கள், சிறுப்பிட்டி, புத்தூர். செம்மண் தோட்டங்களுக்கு நடுவே வீதி நேராகப் போகிறது. ஒழுங்கைகளில் இறங்கியபோது றலியின் பெரிய சில்லு கல்லையும் பள்ளத்தையும் பொருட்படுத்தவில்லை. கொல்நாகோ ஒவ்வொரு கல்லுக்கும் முறையிட்டது. பிறகு வல்லை வெளி வந்தது. பனையும் வீடும் விலகி, இரு பக்கமும் உவர்த் தரையும் நீரேரியும் மட்டுமே கிடக்கும் வெளி. வீதியோரத்தில் முனியப்பர் காவல். அவருக்குச் சில்லறை போடாமல் அந்த வெளியைக் கடப்பவர் குறைவு. சோளகக் காற்று முதுகில் அடித்தது. தோழர் கியரை மாற்றினார், அவ்வளவுதான், செம்மஞ்சள் புள்ளியாகிவிட்டார். அந்தக் கியர் தூலியோ கம்பன்யோலோ என்பவரின் வழிவந்தது. அவரும் பந்தயக்காரர். 1927ல் பனி கொட்டிய ஒரு மலைக் கணவாயில், விறைத்த விரல்களால் பின் சில்லின் நட்டைக் கழற்ற முடியாமல் பந்தயத்தைத் தோற்றார் என்பது அவரைப்பற்றிய கதை. ஒரு நெம்பைத் திருப்பினால் சில்லு கையோடு வரும் ஏற்பாட்டை அதன்பின் செய்து, 1933ல் விச்சென்சாவில் பட்டறை திறந்தார். கணவாய்க் கதையை நம்பாத ஆராய்ச்சியாளர் உண்டு. எனக்கு நம்பத்தான் விருப்பம். குளிரில் நட்டுக் கழற்றாதவன் அப்படி ஒன்றை யோசித்திருக்க மாட்டான்.

நெல்லியடிக்குக் கிட்டக் கொல்நாகோவின் பின் சில்லில் காற்றுப் போயிற்று. தோழரின் சீற்றுக்குக் கீழே மாற்று ரயர் மடித்துக் கட்டியிருந்தது. அதைப் பூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நின்ற இடம் ஒரு சைக்கிள் கடை வாசல். முதியவர் ஒருவர் அதற்குள் வெளியே வந்துவிட்டார். பந்தய ரயர் நாங்கள் பழகிய சாதி இல்லை. ரியூப்பை உள்ளே வைத்துச் சுற்றிவரத் தைத்து, முழுக் குழலாக்கி, ரிம்மில் பசை பூசி ஒட்டிவிடுவார்கள். முதியவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"தைச்செல்லோ கிடக்கு. அங்கை இதுக்கு என்ன செய்யிறவை, தம்பி?"

"கனபேர் எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குவினம், ஐயா."

"எறியிறதோ?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ."

முதலில் தண்ணிச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வந்த இடத்தைக் கரிக்கட்டியால் குறித்தார். மேல் நாடாவை உரித்தார். பிளேட் நுனியால் ஒரு சாண் நீளத்துக்குத் தையலைப் பிரித்து, மெல்லிய ரியூப்பை வெளியே இழுத்து, அரம் தேய்த்து ஒட்டுப் போட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டி, வலை முடிகிற நைலோன் நூலை ஊசியில் கோர்த்து, இத்தாலியில் விழுந்த அதே துளைகள் வழியாகவே திரும்பத் தைத்தார். அவசரமே இல்லை. எங்கள் தேத்தண்ணி ஆறிப்போயிற்று. இடையில் சைக்கிளில் இருந்த சீட்டுக்கட்டு இலைபோன்ற முத்திரையைப் பார்த்து, "கிளாவர்! 304 விளையாடுற ஆக்களோ செய்தது?" என்று கேட்டார். அந்தக் கிளாவர் வந்த வழியைத் தோழர் சொன்னார். 1970ல் மிக்கேலே தான்செல்லி கொல்நாகோ சைக்கிளில் மிலான்–சான்றெமோ பந்தயத்தை வென்றார். பதினேழு ஆண்டாக இத்தாலியர் எவரும் வெல்லாத பந்தயம் அது. அதைக் கொண்டாடப் பிறந்த சின்னம் இது.

முதியவர் என் றலியையும் விடவில்லை. பின் சில்லின் நடுக் குடத்தைத் துணியால் துடைத்து எழுத்தை வாசித்தார். மூன்று கியர் வைத்த ஸ்ரேமி-ஆர்ச்சர் குடங்களில் செய்த ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். "56, நாலு," என்றார். "சித்திரை மாசம். பண்டாரநாயக்கா வெண்ட தேர்தல் நடந்த மாசம்." தனிச் சிங்களச் சட்டம் அந்த ஜூனில் பாராளுமன்றத்துக்கு வந்தது. அந்தக் குடம் அப்போது கப்பலில் இருந்திருக்கலாம். எண்ணெய்த் துளையின் மூடியைத் தட்டித் திறந்து, என்னைக் கேளாமலே இரண்டு சொட்டு விட்டார். மாற்று ரயரைத் தோழர் பூட்டவில்லை. தைத்ததையே பூட்டினார். அன்றைய ஓட்டம் முழுக்க அது தாங்கியது.

கொல்நாகோ, கம்பன்யோலோ, பௌடன் என்று பெயர் சொல்லிச் செய்தவரைப் போற்றுகிறோம். செய்து முடித்தபின் எழுபது ஆண்டு ஒரு பொருளை உயிரோடு வைத்திருந்தவருக்குப் பெயர் இல்லை. நொட்டிங்ஹாம் அந்த றலியை ஒரு தரம் செய்தது. அந்த மாதிரிக் கடைகள் அதை எத்தனை தரம் செய்தன என்று கணக்கு இல்லை. உருக்கு என்பதால்தான் அது முடிந்தது. வளைந்தால் நிமிர்த்தலாம், வெடித்தால் பித்தளை ஒட்டு வைக்கலாம். கார்பன் சட்டம் வெடித்தால் நெல்லியடியில் யாரும் தைத்துத் தர முடியாது.

பருத்தித்துறையில் தெருமூடிமடத்துக்குக் கீழால் ஓடினோம். வீதிக்கு மேலேயே கூரை போட்டு, இரு பக்கமும் இளைப்பாறத் திண்ணை கட்டிய அந்தக் கல் மடத்தை எழுப்பியவர்கள் சைக்கிளைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் வெயிலில் வரும் சைக்கிள்காரனுக்கு அதைவிட நல்ல கட்டடம் இந்தக் குடாநாட்டில் இல்லை. தட்டைவடை வாங்கிக்கொண்டு கரையோரமாக வல்வெட்டித்துறைக்குத் திரும்பினோம். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. ஊர் மாலுமிகள்தான் ஓட்டினார்கள். பெரும் பட்டறைகள் இத்தாலியில் மட்டுந்தான் இருந்தன என்று நாங்கள் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ரியூசன் விட்ட நேரம். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் லுமாலா லேடீஸ் சைக்கிள்களில் மூன்று மூன்று பேராகச் சமாந்தரமாக வந்து வீதியை அடைத்தார்கள். பெற்றோல் இல்லாத ஆண்டுகள் எங்கள் பெண்களுக்குச் செய்த ஒரே உபகாரம் இந்தச் சைக்கிள். சேலையோடு சைக்கிளில் போகும் ரீச்சரைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் யாரும் தலை திருப்புவதில்லை. 2022ல் நாடு முழுக்க எரிபொருள் வரிசையில் நின்றபோது தெற்கில் சைக்கிளைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். இங்கே கொட்டிலிலிருந்து இறக்கினார்கள். பிறகு பெற்றோல் வந்தது, மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். சைக்கிளைக் கைவிடாமல் வைத்திருப்பது அதைத் தேர்தல் சின்னமாகக் கொண்ட தமிழ்க் காங்கிரஸ் மட்டுந்தான் என்று தோழர் பகிடி விட்டார்.

தொண்டைமானாற்றில் செல்வச் சந்நிதியில் அன்னதானச் சோறு. அதன்பின் அச்சுவேலி நோக்கித் திரும்பியதும் காலையில் தள்ளிவிட்ட அதே சோளகம் நெஞ்சில் கை வைத்தது. நிமிர்ந்து இருக்கும் றலிக்காரன் பாய் விரித்த கப்பல் மாதிரித்தான், ஆனால் பின்னோக்கிப் போகும் கப்பல். தோழர் குனிந்து முன்னே ஓடி எனக்குக் காற்று மறைத்தார். பந்தயக்காரர் செய்யும் தந்திரம். அந்த எதிர்க்காற்று ஓட்டத்தில் வளைந்த ஹாண்டிலின் நியாயத்தை முழுசாக ஒப்புக்கொண்டேன்.

இன்று கொல்நாகோவின் பெரும்பங்கு அபுதாபி முதலீட்டாளர் கையில், 2020லிருந்து. நொட்டிங்ஹாமில் சைக்கிள் பூட்டுவது 2002ல் நின்றது. தொழிற்சாலை நின்ற நிலத்தின் ஒரு பகுதியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. றலி என்ற பெயர் ஒல்லாந்துக் கம்பனி ஒன்றுக்குப் போயிற்று. ஆனாலும் இத்தாலியர் தங்கள் சைக்கிள்களை வீதியில் விட்டுவிடவில்லை. கோமோ ஏரிக்கு மேலே கிசால்லோ மாதா கோயிலில், 1949ல் பாப்பரசர் சைக்கிளோட்டிகளின் காவலாக அறிவித்த மாதாவின் சந்நிதியில், வீரர்களின் சைக்கிள்கள் சுவரில் தொங்குகின்றன. பக்கத்தில் 2006ல் ஒரு நூதனசாலையும் திறந்தார்கள். எந்தச் சைக்கிள், யார் ஓடியது, எந்தப் பந்தயம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்களிடம் பந்தயம் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இருக்கிறது. போர்க்காலத்தில் கிளாலிக் கடலில் வள்ளத்தில் ஏற்றிய சைக்கிள்கள் இருக்கின்றன. றேடியோ கேட்ட டைனமோக்கள் இருக்கின்றன. அவை இப்போது பழைய இரும்புக்காரரிடம் கிலோ விலைக்குப் போகின்றன, அல்லது கொழும்பிலும் வெளிநாட்டிலும் உணவகச் சுவருக்கு அலங்காரமாகப் போகின்றன. பல்கலைக்கழகமோ மாநகர சபையோ ஒரு மண்டபம் ஒதுக்கினால் நல்லது. அதுவரை உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கொக்குத் தலைச் சில்லு கிடந்தால் விற்காதீர்கள். சட்டத்தில் பொறித்த இலக்கத்தைத் துடைத்து வாசித்து எழுதுங்கள். யார் வாங்கியது, எந்தக் கடையில், அது யாரை எங்கே கொண்டுபோனது என்று வீட்டிலிருக்கும் முதியவரிடம் கேட்டு அதே தாளில் எழுதுங்கள். இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். சைக்கிள் இன்னும் நாற்பது ஆண்டு இருக்கும், அவர் இருக்கமாட்டார்.